எங்க நைனாவுக்கு ரெண்டு பேரு

ஆரோக்கியமேரி டீச்சருக்கு ஒரே ஒரு பலவீனம். நாலு பேர் கை தட்டினால் போதும், மனுஷிக்கு உச்சி குளிர்ந்துவிடும். நகை மேல் ஆசை கிடையாது, புடவை மேல் ஆசை கிடையாது, கூட வேலை செய்கிறவர்களைப் பற்றிப் புறம் பேசுகிற வழக்கம்கூடக் கிடையாது. கைதட்டல் ஒன்றுக்குத்தான் அடிமை. அது ஒரு குற்றமா என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும், போங்க சார் வேற வேலை இல்லையா என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற காலனியில் பிறந்தவள். அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா அதே மில் களத்தில் நெல் துழாவினாள். பிள்ளைகள் ஐந்து பேரில் படிப்பு ஏறியது இவளுக்கு மட்டும்தான், அதனால் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எட்டாவது படிக்கும்போது ஈஸ்டர் நாடகத்தில் கல்லறை முன்னால் நின்று அழுகிற வேஷம். அழுது முடித்ததும் ஹால் மொத்தமும் கை தட்டியது. கடைசி வரிசையில் தலையில் தவிட்டுத் தூசியோடு நின்றிருந்த அப்பாவும் தட்டினார். அந்தச் சத்தம் காதுக்குள் போனதுதான், அப்புறம் வெளியே வரவே இல்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்து எண்பத்தேழில் வேலை கிடைத்தது. ஊத்துக்கோட்டைக்கு அந்தாண்டை, பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடக்க வேண்டிய பள்ளிக்கூடம். அங்கே பதினாலு வருஷம் குப்பை கொட்டினாள். 2001-ல்தான் சொந்தப் பக்கத்துக்கு மாறுதல் வந்தது. கும்மிடிப்பூண்டி ரயில் பாதையை ஒட்டிய கிராமம், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நாலாம் வகுப்பு. ஒரு காலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போன ஊர் அது. இப்போது ஷிஃப்ட்டுக்குப் போகிறது. பள்ளிக்கூட மணியைவிடக் கம்பெனிச் சங்கைத்தான் ஊரார் நம்புவார்கள்.

அந்தக் கம்பெனிதான் 2006 ஆகஸ்டில் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர் கொடுத்தது. பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற ஆலை. கூடவே ஒரு ஸ்கேனர், ஒரு மைக், சின்னதாக ஒரு டிஜிட்டல் கேமரா. தலைமையாசிரியர் ஜெயராஜுக்கு அவற்றைப் பார்த்தாலே பயம். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், மவுஸைத் தொடுமுன் கையைப் பாவாடையிலோ டிராயரிலோ துடைக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கு மூன்று பட்டை போட்டுப் பொட்டு வைத்தார்கள். இதையெல்லாம் மேரி டீச்சர் சிரித்துக்கொண்டே பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

வட்டார வள மையத்தில் நாலு நாள் பயிற்சி என்று கடிதம் வந்தது. மற்றவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்ல, இவள்தான் போனாள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் அங்கே சொல்லிக் கொடுத்தாள். ஒரு பிள்ளை தன் கதையைச் சொல்ல வேண்டும். அதுக்கு அதுவே படம் வரைய வேண்டும். படங்களை ஸ்கேன் செய்து, பிள்ளையின் குரலை மைக்கில் பதிந்து, ஒன்றோடொன்று சேர்த்தால் ஐந்து நிமிஷத்தில் ஒரு சினிமா. "டீச்சர்ஸ், குழந்தை சொல்றதை நீங்க திருத்தாதீங்க. அதோட சொந்த வார்த்தை, அதோட சொந்த உண்மை. அதுதான் கதைக்கு உயிர்" என்று அந்தப் பெண் சொன்னாள். மேரி டீச்சர் இதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டாள். பிற்பாடு இந்த அடிக்கோட்டுக்குப் பின்னால்தான் போய் ஒளிந்துகொண்டாள் என்பது தனிக் கதை.

பயிற்சி முடிந்து வந்தவளைப் பிடிக்க முடியவில்லை. 'என் ஊடு' என்று தலைப்பு கொடுத்தாள். நாலாம் வகுப்பு முழுக்கக் கதை சொல்லக் கிளம்பிவிட்டது. கோழி முட்டை மேல் உட்கார்ந்த கதை, தாத்தா கிணற்றில் பல்செட்டைப் போட்ட கதை, கேபிள்காரன் வயரை அறுத்துவிட்டுப் போன கதை. மூன்றாவது வாரத்தில் மோனிஷா எழுந்தாள்.

மோனிஷா மணவாளனின் மகள். ஒன்பது வயது, எதற்கும் பயப்படாத வாய். எழுந்து நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "எங்க நைனாவுக்கு ரெண்டு பேரு. ஊட்டுல மணவாளன், கம்பெனில அரசப்பன். ஊட்டுல மணவாளான்னு கூப்ட்டா திரும்புவாரு. கம்பெனில அப்டி கூப்ட்டா திரும்பவே மாட்டாரு" என்றாள்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மேரி டீச்சருக்குக் காது விடைத்துக்கொண்டது. அடடா, இதுவல்லவா ஆரம்பம் என்று தோன்றிவிட்டது.

விஷயம் இதுதான். கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குக்கூட எட்டாவது பாஸ் கேட்பார்கள். மணவாளன் ஐந்தாவதோடு நின்றவன், அவன் அண்ணன் அரசப்பன் எட்டாவது பாஸ். கேட் பாஸை அண்ணன் பெயரில், அண்ணன் போட்டோ ஒட்டித்தான் வாங்கினார்கள். அண்ணனுக்கு உலைச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டே மாசத்தில் சூளூர்ப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணைக்குப் போய்விட்டான். அண்ணன் தம்பிக்கு ஒரே முகவெட்டு. தம்பி பாஸை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனான், ஆறு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தான். மேஸ்திரிக்குத் தெரியும். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்குத் தெரியும். ஊரில் இப்படி இன்னும் சிலர் உண்டு, அவர்களைப் பற்றியும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் அங்கே நாகரிகம்.

மேரி டீச்சருக்குத் தெரியாதா? அவள் கூடப் பிறந்த தம்பியே ஒரு கண்ணாடி கம்பெனிக்கு மூன்று மாசம் சிநேகிதன் பாஸில் போய் வந்தவன். மோனிஷா வாயைத் திறந்ததுமே அவளுக்கு முழுசும் விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று அவள் பின்னால் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாமல் போனது அதனால்தான்.

டிசம்பரில் ஒரு மதியம் ஒலிப்பதிவு. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மற்ற பிள்ளைகள் வாயில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் தடவை மோனிஷா சொன்ன கதையில் அந்த இரண்டு பெயர் விஷயம் இல்லை. நைனா ஷிஃப்ட் முடிந்து வருவார், சட்டையில் நெருப்புப் பொறி பட்டு ஓட்டை ஓட்டையாக இருக்கும், அந்த ஓட்டையில் நான் விரல் விட்டு எண்ணுவேன் என்று போயிற்று. அதுவும் நல்ல கதைதான். ஆனால் டீச்சருக்கு மனசு நிறையவில்லை.

"ஒண்ணு உட்டுட்டியே மோனிஷா. அந்த ரெண்டு பேரு?"

மோனிஷா மைக்கைப் பார்த்தாள். "அத்த சொல்ல வேணாம் டீச்சர். வெளிய சொல்லக்கூடாதுன்னு நைனா சொல்லிகீறாரு. அன்னிக்கி தெரியாத சொல்லிட்டேன்."

இந்த இடத்தில் டீச்சர் நிறுத்தியிருக்கலாம். சரி கண்ணு, வேணாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. ஆனால் ஆண்டு விழாவில் இந்தப் படம் ஓடும்போது அந்த ஒரு வரிக்கு எழும்பப் போகிற சிரிப்பு அவள் காதில் அப்போதே கேட்டுவிட்டது. பாழாய்ப்போன காது.

"இது கதைதானே கண்ணு. கதைல சொன்னா யாரு இன்னா பண்ணப் போறாங்க? ஒண்ணும் ஆவாது. டீச்சர் இருக்கறன் இல்ல."

டீச்சர் இருக்கிறேன் என்று சொன்னபின் ஒன்பது வயசுப் பிள்ளை என்ன செய்யும்? சொன்னாள். இரண்டாவது தடவை நடுவில் ரயில் போய்க் கெடுத்தது, மூன்றாவது தடவை ஒரு பையன் தும்மினான், நாலாவதில் கரண்ட் போயிற்று. ஐந்தாவது தடவை மணி மணியாக வந்தது. மோனிஷா வரைந்த படத்தில் ஒரே முகம் உள்ள இரண்டு ஆட்கள், ஒருத்தன் லுங்கியில், ஒருத்தன் நீலச் சட்டையில். கீழே பெயர் எழுதாமல் விட்டிருந்தாள். டீச்சரே ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக் கொட்டை எழுத்தில் மணவாளன், அரசப்பன் என்று எழுதி ஸ்கேன் செய்தாள்.

ஆண்டு விழா பிப்ரவரியில், பிற்பகல் மூன்று மணிக்கு. ஐந்தாம் வகுப்பு அறை ஜன்னல்களில் நீலத் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கி, வெள்ளை வேட்டியைத் திரையாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். புரொஜெக்டர் வட்டார வள மையத்தில் இரவல் வாங்கியது. தார்ப்பாயும் கம்பெனி கொடுத்ததுதான். முன் வரிசையில் கம்பெனியின் எச்.ஆர். ஆபீசர், பஞ்சாயத்துத் தலைவர், ஜெயராஜ் சார். பின்னால் அம்மாமார்கள். ஆண்கள் பாதிப்பேர் ஷிஃப்ட்டில் இருந்தார்கள், மணவாளனும்தான்.

மோனிஷாவின் படம் மூன்றாவதாக ஓடியது. அந்த வரி வந்ததும் டீச்சர் கற்பனை செய்ததைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது. முன் வரிசையிலும் சிரித்தார்கள், ஆபீசரும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாமார்கள் பக்கமிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை. டீச்சர் அதைக் கவனித்தாள். கவனித்தும் கைதட்டல் முடிகிறவரை சிரித்த முகமாகத்தான் நின்றாள்.

விளக்குப் போட்டதும் ஆபீசர் மோனிஷாவைக் கூப்பிட்டுத் தட்டிக் கொடுத்தார். "ரொம்ப நல்லாப் பேசினம்மா. அப்பா நம்ம கம்பெனிதானா? எந்த ஷெட்டு?"

"நாலாம் நம்பர் ஷெட்டு சார். அரசப்பன்னு கேட்டா காட்டுவாங்க சார்."

"அரசப்பன். சரிம்மா" என்றார் அவர். ஒரு பேனாப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. மேரி டீச்சர் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். சார், அது பிள்ளை கற்பனை பண்ணிச் சொன்னது என்று குறுக்கே ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும். வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பஞ்சாயத்துத் தலைவர் திரும்பி, "டீச்சர், கலக்கிட்டீங்க போங்க" என்றார். இவள் கை குவித்து நன்றி சொல்லிக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் காலை ஷிஃப்ட்டில் மணவாளனைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி வாங்கினார்கள். அத்தோடு விடவில்லை. ஒவ்வொருவராக நிறுத்திப் பாஸையும் ரேஷன் கார்டையும் ஒத்துப் பார்த்ததில், அந்த ஊரிலேயே இன்னும் நாலு பேர் மாட்டினார்கள். செக்யூரிட்டிக்கும் வேலை போயிற்று. ஊர் கொதித்தது. யார் மேல் கொதிப்பது? கம்பெனி மேல் கொதிக்க முடியாது, மீதிப்பேர் உள்ளே போக வேண்டும். டீச்சர் மேல் கொதிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. கடைசியில் எல்லாம் மோனிஷா தலையில் விடிந்தது. குழாயடியில் செண்பகத்தைப் பார்த்து, "பொண்ணா பெத்துகீற, லவுட் ஸ்பீக்கரப் பெத்து வுட்டுகீற" என்றார்கள். செண்பகம் மோனிஷாவின் அம்மா. வீட்டுக்கு வந்து மகள் முதுகில் இரண்டு வைத்தாள்.

டீச்சர் இதையெல்லாம் சத்துணவு ஆயா சொல்லிக் கேட்டாள். ஜெயராஜ் சாரிடம் போனாள்.

"சார், அந்தப் பொண்ணு தானா சொல்லல சார். நான்தான்..."

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க மேரி டீச்சர்" என்றார் ஜெயராஜ். கதவைச் சாத்தினார். "புள்ள சொல்லிச்சி, நாம போட்டோம். அவ்ளோதான். நீங்க இன்னாத்துக்கு வாயக் குடுத்து மாட்டிக்கறீங்க? நாளைக்கி ஏஇஓ ஆபீஸ்ல எழுதிக் குடுன்னா, உங்க சர்வீஸ் இன்னாவறது? இருவது வருஷம்மா."

சர்வீஸ் என்றதும் மேரி டீச்சர் அடங்கிவிட்டாள். அடங்கினாள் என்பதைவிட, அப்படி யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தாள் என்பதே நிஜம்.

அன்று மத்தியானம் சாவி வாங்கிக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். ஒலிப்பதிவு ஐந்தும் ஒரு ஃபோல்டரில் வரிசையாக இருந்தன. முதலாவதை ஓட்டினாள். மோனிஷா நெருப்புப் பொறி ஓட்டைகளை எண்ணுகிறாள். முடிந்ததும் ஒரு பெண் குரல் கேட்கிறது: "ஒண்ணு உட்டுட்டியே மோனிஷா." எவ்வளவு இனிப்பான குரல். பிறகு பிள்ளையின் குரல், வேணாம் டீச்சர் என்று. பிறகு மறுபடி அந்த இனிப்புக் குரல், டீச்சர் இருக்கறன் இல்ல. தன் குரலைத் தானே கேட்டபோது அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் நாக்கைப் பிடுங்கவில்லை. ஐந்தையும் அழித்தாள், படத்தையும் அழித்தாள், குப்பைத் தொட்டி மாதிரி ஒரு படம் ஓரத்தில் இருக்குமே, அதைத் திறந்து அங்கிருந்தும் அழித்தாள். அழிக்கவா என்று கம்ப்யூட்டர் இரண்டு தடவை கேட்டது, அவள் இரண்டு தடவையும் ஆம் என்றாள்.

அதைவிட மோசமான ஒன்றையும் மறுநாள் செய்தாள். அதைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது. இரண்டு நாள் வராமல் இருந்து அன்றைக்குப் பள்ளிக்கு வந்த மோனிஷாவைப் புளியமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளையின் தலையைக் கோதிவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "கண்ணு, ஊட்டுல கேட்டாங்களா? டீச்சர்தான் சொல்லச் சொன்னாங்கன்னு சொன்னியா?" என்று கேட்டாள்.

"இல்ல டீச்சர்."

"சொல்லாத கண்ணு. யார் கேட்டாலும் சொல்லாத. இன்னா?"

"சரி டீச்சர்" என்றாள் மோனிஷா. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

சொன்ன சொல்லை அந்தப் பிள்ளை காப்பாற்றியது. வகுப்பில் பையன்கள் அவளைக் கம்பெனி டிவி என்று கூப்பிட்டார்கள், வாயைத் திறக்கவில்லை. பாஸ் போன இன்னொருத்தன் மகள் அவளோடு உட்கார மாட்டேன் என்று இடம் மாறினாள், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வருகைப் பதிவுக்கு உள்ளேன் டீச்சர் என்று சொல்வதோடு சரி. பாடம் படிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், உதடு அசையும், சத்தம் வராது. எதற்கும் பயப்படாத வாய் அது. மேரி டீச்சர் அந்த வரிசைப் பக்கம் கேள்வி கேட்பதையே விட்டாள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்தினாள்.

தவக் காலம் வந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்று விடாமல், அழுதுகொண்டே. சாமியார் முழுசும் கேட்டார். பிறகு, "எங்கிட்ட சொன்னது சுலபம்மா. அவங்ககிட்ட போய் சொல்லு" என்றார். ஜெபம் எத்தனை சொல்ல வேண்டும் என்று கேட்கக் காத்திருந்தவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆண்டவர் முன்னால் கூனிக் குறுகி நிற்பதில் ஒரு வசதி உண்டு, அவர் மறுநாள் பள்ளிக்கூட வாசலில் எதிரே வரமாட்டார். மணவாளன் வருவான்.

இரண்டு ஞாயிறு தள்ளிப்போட்டாள். முதல் ஞாயிறு தலைவலி என்றாள், இரண்டாவது ஞாயிறு நாத்தனார் வீட்டு விசேஷம் என்றாள். மூன்றாவது ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பள்ளிக்கூடம் இருக்கிற ஊருக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான்தான் சொல்லச் சொன்னேன், உங்க பொண்ணு வேணாம்னு சொன்னா. இரண்டே வாக்கியம். நாலாம் வகுப்புப் பிள்ளைகூட மனப்பாடம் செய்துவிடும்.

மணவாளன் வாசலில் குத்தவைத்துக் காலில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். இப்போது செங்கல் சூளைக்குப் போகிறான். டீச்சரைக் கண்டதும் பதறி எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"வாங்க டீச்சர், வாங்க. செம்பகம், டீச்சர் வந்துகீறாங்க பாரு. சேர எடுத்துப் போடு."

செண்பகம் முந்தானையால் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோனிஷாவை ஓடிப் போய்க் கலர் வாங்கி வரச் சொன்னாள். டீச்சர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதற்குள் பிள்ளை போய்விட்டது. சூளை வேலை எப்படி என்று ஏதோ கேட்க வேண்டும் என்று டீச்சர் கேட்டாள்.

"அது ஓடுது டீச்சர். அங்க ஒரே பேருதான், பேஜாரு இல்ல" என்று சொல்லி மணவாளன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளைக் கொன்றது.

மோனிஷா பாட்டிலோடு வந்து, டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். டீச்சர் வாங்கிக்கொண்டாள். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாக்கியமும் எங்கேயோ போய்விட்டன. அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே மணவாளன் முந்திக்கொண்டான்.

"டீச்சர், நாங்களே வந்து பாக்கணும்னு இருந்தோம். எங்க புள்ளயால உங்களுக்குக் கெட்ட பேரு. எச்செம் சார் உங்கள ரூம்ல வச்சி கதவ சாத்திக்கினு திட்னாராம்னு ஆயா சொல்லிச்சி. இனிமே கம்பெனிகாரன் ஸ்கூலுக்கு ஒண்ணும் குடுக்க மாட்டான்னும் பேசிக்கறாங்க. மன்னிச்சிக்கோங்க டீச்சர்."

"அடிச்சி சொல்லி வளத்தும் இது இப்டி வாய வுட்டுச்சி" என்றாள் செண்பகம். "நீங்க எவ்ளோ ஆசையா படம் எடுத்தீங்க. உங்க மானத்த வாங்கிட்டா."

ஐயோ, இவர்கள் மன்னிப்புக் கேட்கிறார்களே. வேலையும் போய், ஊரில் பேச்சும் வாங்கி, கலர் வாங்கிக் கொடுத்து மன்னிப்பும் கேட்கிறார்களே. ஆரோக்கியமேரிக்கு உடம்பு முழுக்கக் கூசியது. தரையில் இறங்கி உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மணவாளன், நான் சொல்றதக் கேளுங்க. மோனிஷா மேல ஒரு தப்பும் இல்ல. அவ மொதல்ல அத்த சொல்லவே இல்ல. வேணாம்னுதான் சொன்னா. நான்தான் சொல்லச் சொன்னேன். ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லி, நான்தான் சொல்ல வச்சேன். பேரக்கூட நான்தான் எழுதினேன்."

சொல்லிவிட்டாள். தலை நிமிரவில்லை, ஆனால் சொல்லிவிட்டாள். மணவாளன் மகள் பக்கம் திரும்பினான்.

"டீச்சர் சொல்லச் சொன்னாங்களா?"

மோனிஷா நிமிர்ந்து நின்றாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒன்றரை மாசமாக ஊமையாகக் கிடந்த குரல், வகுப்பில் முதல் நாள் கேட்ட அதே கணீர்க் குரல், வெளியே வந்தது.

"இல்ல நைனா. டீச்சர் சொல்லல. நானேதான் சொன்னேன்."

"மோனிஷா" என்றாள் டீச்சர். "வேணாம் கண்ணு. உண்மையச் சொல்லு. கம்ப்யூட்டர்ல என் குரலே இருந்துது, மணவாளன். நான்தான் அழிச்சேன்."

"உடுங்க டீச்சர்" என்றான் மணவாளன். அவன் கண் கலங்கியிருந்தது. "எனக்குப் புரியுது. புள்ள பாவம், ஊர்ல எல்லாரும் ஏசறாங்களேன்னு பழிய நீங்க ஏத்துக்க வந்துகீறீங்க. யாரு வருவாங்க டீச்சர் இந்தக் காலத்துல? படிச்சவங்க படிச்சவங்கதான்." மனைவியிடம் திரும்பி, "பாத்தியா, ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு நேரா வந்துகீறாங்க" என்றான். செண்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நெசமா நான்தாங்க" என்றாள் ஆரோக்கியமேரி. அவர்கள் இருவரும் அதற்கும் தலையாட்டிச் சிரித்தார்கள், பெரிய மனசுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோல.

"ஏய், டீச்சர் கால்ல வுழு" என்றான் மணவாளன்.

மோனிஷா வந்து குனிந்தாள். டீச்சரின் பாதத்தில் பிள்ளையின் விரல்கள் பட்டன. காலை இழுத்துக்கொள்ளக்கூட அவளால் முடியவில்லை. எழுந்தபோது மோனிஷா அவள் முகத்தை ஆவலோடு பார்த்தாள். சரியான விடை சொன்ன பிள்ளை பார்க்குமே, சரிதானே டீச்சர் என்று, அப்படிப் பார்த்தாள். இருபது வருஷப் பழக்கம், ஆரோக்கியமேரியின் தலை தானாகச் சரி என்று ஆடிவிட்டது.